ஆயாவோடு காட்டுப்பள்ளி, பழவேற்காடு: ஒரு நாள் வேன் வாடகை எப்படி?

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் வேன் பிடித்து ஒரு நாள் போய்வந்த எங்கள் போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். வேன் ஒரு நாளைக்கு நாலாயிரம் ரூபாய். காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும். பெட்ரோல் அதிலேயே அடக்கம், சாப்பாடு நம் கணக்கு, ஓட்டுகிற அண்ணனுக்கும் மதியச் சாப்பாடு நாம்தான் வாங்கித் தரவேண்டும். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம் என்பார், நம்பாதீர்கள். ஆறு பேர் உட்காரலாம், ஏழாவது ஆள் யாருடைய மடியிலாவதுதான். நாங்கள் ஆறு பேர்: நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர், நாத்தனார், அப்புறம் எங்கள் ஆயா, அதாவது பாட்டி. எண்பது தாண்டியாச்சு, காசிமேட்டில் பிறந்து வளர்ந்தது, முன்சீட்டு கொடுத்தால்தான் வருவேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டது.

நம் வடசென்னைப் பக்கத்தில் ஒரு நாள் வெளியே போவதென்றால் உடனே மகாபலிபுரம் என்பார்கள். புது வண்ணாரப்பேட்டையில் ஏறி ஊரையே குறுக்கே கிழித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் பசங்களுக்கு ரெண்டு தடவை பசித்துவிடும். வடக்கே திரும்பினால் ஒரு தீவே கிடக்கிறது. சொன்னால் 'தீவா, எங்க?' என்று சிரிக்கிறார்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும், தெற்கே கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் நீளமாக ஒரு மணல் பட்டை. அதுதான் காட்டுப்பள்ளி தீவு. கப்பல் மாதிரி எதுவும் ஏறவேண்டாம், பாலத்தின் மேல் வண்டியிலேயே போய்விடலாம்.

ரெண்டு வருஷம் முன்னால் ஒரு தடவை ஆப்பில் கார் போட்டுப் போகப் பார்த்தோம். மீஞ்சூர் தாண்டினதும் 'அந்தப் பக்கம் ரிட்டர்ன் சவாரி கிடைக்காது' என்று டிரைவர் ரோட்டோரம் நிறுத்திவிட்டார், நாங்கள் ரயிலில் திரும்பி வந்தோம். அதனால் இந்த முறை எங்கள் ஏரியா டோல்கேட் பக்கம் சொந்த வேன் வைத்து ஓட்டுகிற ஒரு அண்ணனைப் பிடித்தோம். பள்ளிக்கூட நாட்களில் பசங்களை ஏற்றி இறக்குகிற வேன், ஞாயிற்றுக்கிழமை இந்த மாதிரி சவாரி. அவருக்குத் தீவுப் பக்கம்தான் சொந்த ஊர். பெயரும் நம்பரும் இங்கே போடமாட்டேன், அவருக்கே பிடிக்காது.

தை மாசக் கடைசி ஞாயிறு. ஆறு மணி என்றவர் ஆறே முக்காலுக்கு வந்தார். கேட்டால் 'பஞ்சர்ணா' என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறார். பஞ்சர் ஒட்டின டயர் எதுவும் என் கண்ணில் படவில்லை, கையில் டீ கிளாஸ்தான் பட்டது. இந்த முக்கால் மணி நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

திருவொற்றியூர், எர்ணாவூர் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, கன்டெய்னர் லாரிதான். எதிரில் ஒரு டிரெய்லர், பக்கத்தில் ஒரு டிரெய்லர், பின்னால் ஒன்று ஹாரன் அடிக்கும். ஏசி என்று இவர் சொன்னது முன்சீட்டுக்கு மட்டும் வருகிற ஒரு காற்று. பின்னால் இருந்த எங்களுக்கு ஜன்னல்தான், ஜன்னலைத் திறந்தால் புழுதி. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு போனோம். இதற்கு மதிப்பெண் கிடையாது.

எண்ணூர் தாண்டி ஆற்றுப் பாலத்தில் தானாகவே வண்டியை ஓரம் கட்டினார். 'கீழே பாருங்க' என்றார். இடுப்பளவு தண்ணீரில் பத்து பன்னிரண்டு பேர் குனிந்து நின்றுகொண்டு ஏதோ தேடுகிற மாதிரி இருந்தது. இருளர்கள், கையாலேயே எறா (இறால்) பிடிக்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனை ஓலையில் முடைந்த சின்னப் பை ஒன்று, அதற்குப் பறி என்று பெயர், அதை வாயில் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, ரெண்டு கையையும் அடிச் சேற்றில் மெதுவாகப் பரப்பித் தடவிக்கொண்டே போகிறார்கள். விரலில் எறா தட்டுப்பட்டதும் அமுக்கி, தூக்கி, பறிக்குள் போட்டு, மறுபடி கை தண்ணீருக்குள். பேசுவதற்குக்கூட வாய் கிடையாது. ஒரு அம்மா எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பெரியவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'நண்டு கடிக்காதாம்மா?' என்றான். ஆயா திரும்பிப் பார்க்காமலேயே, 'கடிக்கும், கடிச்சா வுட்ருவாங்களா, அதையும் புட்சி உள்ள போட்டுக்குவாங்க' என்றது. முன்னெல்லாம் ஆழம் இதைவிட நிறைய இருக்கும், அனல்மின் நிலையச் சாம்பல் வந்து மேடாகிவிட்டது என்றார் அண்ணன். பாலத்திலிருந்து பார்த்தால் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிகின்றன, தண்ணீரின் நிறத்தை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் அதில்தான் எறா இருக்கிறது, அதில்தான் அவர்கள் இறங்குகிறார்கள்.

அத்திப்பட்டு புதுநகர் வழியாகச் சுற்றி, கால்வாயைத் தாண்டினால் தீவு. முதல் அரை மணி நேரம் ஏமாற்றம், பசங்களுக்கு முகம் தொங்கிவிட்டது. துறைமுகச் சுவர், கிரேன், செக்யூரிட்டி, மறுபடி சுவர். காட்டுப்பள்ளி துறைமுகம் 2013-ல் ஓட ஆரம்பித்தது, பக்கத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை, அது 2010-ல் வந்தது, ஒரு நாளைக்குப் பத்து கோடி லிட்டர் எடுக்கிற அளவு. நம் வடசென்னைக் குழாய்களில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. 'நம்ம வூட்டுத் தண்ணி இங்கேருந்தா வருது?' என்று நாத்தனார் கேட்க, வீட்டுக்காரர் உடனே ஆஸ்மாசிஸ் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே பார்த்தேன்.

சுவர் முடிந்ததும் காட்சி மாறிவிடுகிறது. சவுக்குத் தோப்பு, பனை, மணல், ஒரு குப்பம், ஒரு மாதா கோயில், மறுபடி சவுக்கு. வலது பக்கம் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே வரும், சில இடத்தில் கடலே ரோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கங்கே ரோடே இல்லை. கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது, தாரின் ஓரம் பிஸ்கட் கடித்த மாதிரி பிய்ந்து தொங்குகிறது, மேலே மணல் ஏறி மூடிக் கிடக்கிறது. இந்த இடத்தில்தான் மாட்டினோம்.

அண்ணன் பேரில் முழுப் பழி போடமுடியாது. இறங்கி நடந்து பார்த்தார், காலால் மிதித்துப் பார்த்தார், 'போய்டலாம்' என்றார். பத்தடி போனதும் பின் டயர் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போகிறது. நானாக இருந்தால் இன்னும் மிதித்திருப்பேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு, எங்களை எல்லாம் இறக்கிவிட்டு (ஆயா இறங்கவில்லை, 'நான் இன்னா வெயிட்டு இருக்கப்போறேன்' என்று உட்கார்ந்துகொண்டது), நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படியுமாம், மணலில் பிடிப்பு கிடைக்குமாம். அப்புறம் கீழே கிடந்த பனை மட்டைகளைக் கொண்டுவந்து டயருக்கு முன்னால் அடுக்கினார். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஆறேழு பேர் கூப்பிடாமலேயே வந்து கை கொடுத்தார்கள். ஏலேலோ என்று ஒரு சத்தம், ஒரு தள்ளு, வெளியே வந்துவிட்டது. காசு கொடுக்கப் போனதற்கு ஒருத்தரும் வாங்கவில்லை. அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து கால் பம்பு எடுத்து, நாலு டயருக்கும் திரும்பக் காற்றடித்தார், பசங்க முறை வைத்து மிதித்தார்கள். அன்றைக்கு முழுக்க அவர்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இன்னமும் அந்தப் பம்பைத்தான் சொல்கிறார்கள். இதில் ஒரு மணி நேரம் போச்சு.

ஒன்று மட்டும் உறுதி. சொந்தக் காரை எடுத்துக்கொண்டு நாமே போயிருந்தால் சாயந்தரம் வரைக்கும் அங்கேயேதான். மழைக்காலத்துக்கு அப்புறம் போகிறவர்கள் முதலில் ரோடு இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள், மேப்பில் எல்லாம் ரோடு இருக்கிற மாதிரிதான் காட்டும்.

பெண்களுக்கு ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன். தீவில் நாங்கள் போன வழியில் பாத்ரூம் என்று எதுவும் கண்ணில் படவில்லை. நானும் நாத்தனாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே வந்தோம். நாங்கள் வாய் திறப்பதற்குள் அண்ணன் ஒரு குப்பத்தில் திரும்பி ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, 'அக்கா வூடுதான், போய்ட்டு வாங்க' என்றார். அந்த அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்து, டீ போட்டு, ஆயாவிடம் 'எந்தக் குப்பம் நீங்க?' என்று கேட்டு, அரை மணி நேரத்தில் ரெண்டு பேரும் தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டார்கள். நாலாயிரம் ரூபாய் வேனுக்கு இல்லை, இந்த அக்கா வீட்டுக் கதவுக்குத்தான் என்று அப்போது எனக்குப் பட்டது.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் அரை மணி நேரம். ஆள் இல்லாத கடற்கரை, சுத்தம், ஆனால் இறங்கிக் குளிக்கிற கடல் இல்லை, முகத்துவாரம் பக்கத்தில் இழுப்பு ஜாஸ்தி. அங்கே நின்று வடக்கே பார்த்தால் அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அதுவும் இந்த மாதிரி ஒரு தீவுதான், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. நம் மொட்டை மாடியிலிருந்து ராக்கெட் பார்க்கிறோமே, அது அங்கிருந்துதான் கிளம்புகிறது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம், அன்றைக்குப் பிழைப்பு இல்லை. நாம் மாடியில் நின்று கை தட்டுகிறோம்.

பாலம் தாண்டிப் பழவேற்காடு ஊருக்குள் வரும்போது மணி பதினொன்றரை. மீன் ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான் கணக்குக்கு வருகிறது. ஏலம் பார்க்கவேண்டும் என்றுதான் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனதே. ஆயா அண்ணனை ஒரு பார்வை பார்த்தது. 'இன்னா நைனா, பஞ்சரா?' என்றது. அவர் பதில் சொல்லவில்லை.

ஆனால் நண்டு இருந்தது. ஏரி நண்டு, சேற்று நண்டு என்பார்களே அந்தப் பச்சை நிறத்துப் பெரிய நண்டு. பிடித்தவுடனே கொடுக்கு ரெண்டையும் மடக்கிக் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள், உயிரோடேயே வெளிநாட்டுக்கெல்லாம் போகிற சரக்கு. ஆயா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, மல்லாத்தி, வயிற்றோரம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தது. அமுங்கினால் தூக்கிப் போட்டது. 'தண்ணி நண்டு. சட்டை கழட்டி எத்தினி நாளாச்சி இது? உள்ள ஒன்னும் கெடையாது, தண்ணிதான் கீது.' பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்ட நண்டில் கறி இருக்காதாம். கல் மாதிரி இருந்ததை மட்டும் இந்தப் பக்கம் வைத்தது. விற்கிற அம்மா முதலில் முறைத்தார், அப்புறம் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து வேறு கூடையைக் கொண்டுவந்தார். அந்தக் கூடை எங்களுக்கு வந்திருக்காது. ஆறு நண்டு, ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விலை சொல்லமாட்டேன், ஆயா பேசின விலை உங்களுக்குக் கிடைக்காது.

சாப்பாடு அண்ணன் கூட்டிப்போன மெஸ்ஸில். ஓலைக் கொட்டகை, நாலு பெஞ்சு, வாழை இலை. மடவை மீன் குழம்பு, எறா தொக்கு, வறுத்த கிழங்கா மீன். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல், எனக்கு அப்படித்தான் பிடிக்கும், சின்னவன் மோர் கேட்டான், மோர் தீர்ந்துவிட்டது என்றார்கள். எறா தொக்குக்காகவே திரும்பப் போகலாம். சோறு ரெண்டாவது தடவை கேட்டால் முகம் மாறுவதில்லை. கார்டு, ஜிபே எல்லாம் அன்றைக்கு நெட் வராமல் நின்றுவிட்டது, கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டில் போகலாமா என்று நாலைந்து பேர் வந்து கேட்டார்கள். பசங்க குதித்தார்கள். அண்ணன் முகத்தை மாற்றாமல், 'நம்ம வண்டில வந்தவங்க போட்டு ஏற மாட்டாங்க' என்று அவர்களை அனுப்பிவிட்டார். 2011 கிறிஸ்துமஸ் அன்றைக்கு இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதற்கப்புறம்தான் சுற்றுலாப் படகுக்குத் தடையே வந்தது. அப்போது கரையில் நின்று பார்த்ததாக அண்ணன் சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சின்னவன் பத்து நிமிஷம் அழுதான், அழட்டும்.

டச்சுக் கல்லறையை விட்டுவிடாதீர்கள். கடைத்தெருவை ஒட்டியே இருக்கிறது, தொல்லியல் துறை பராமரிக்கிறது, ஓரளவு சுத்தம். வாசல் வளைவுக்கு ரெண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். பெரியவன், 'இவங்கதான் வாட்ச்மேனா?' என்றான். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள், கருங்கல்லில் டச்சு எழுத்து, குடும்பச் சின்னம், மண்டை ஓடு, எல்லாம் நேற்று வெட்டின மாதிரி கூர்மையாக இருக்கிறது. கடல் காற்றில் நம் வீட்டு கிரில் மூணு வருஷம் தாங்குவதில்லை. ஆயா உள்ளே வரவில்லை. 'சுடுகாட்டுக்கு எவனாச்சும் டூர் போவானா' என்று வேனிலேயே உட்கார்ந்துகொண்டது. இந்த டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்று கோட்டை கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும் சோழமண்டலக் கரைக்கே இதைத்தான் தலைநகரமாக வைத்திருந்தார்கள். 1825-ல் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. கட்டம் போட்ட துணியும் கைக்குட்டையும் இங்கிருந்துதான் கப்பல் ஏறியது, கூடவே அடிமைகளாக ஆட்களையும் ஏற்றியிருக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்செடி மூடின மேடும், சுற்றிப் பழைய அகழியும்தான். அங்கே போய் நின்றால் ஒன்றும் புரியாது, அஞ்சு நிமிஷத்தில் வந்துவிட்டோம்.

ஓலைக் கூடை முடைகிற வீடுகளுக்குப் போனது நாத்தனாருக்காக. பனங்குருத்தைக் கீறி, சாயம் ஏற்றி, பேசிக்கொண்டே முடைகிறார்கள், கை தனியாக ஓடுகிறது. மூணு வாங்கினோம், ஒன்றில் இப்போது எங்கள் வீட்டு வெங்காயம் இருக்கிறது.

நாலு மணிக்கு அண்ணாமலைச்சேரி. ஏரியின் மேற்குக் கரையில் சின்ன ஊர். பூநாரைக்காக (ஃபிளமிங்கோ) இங்கேதான் வரவேண்டும், பழவேற்காடு ஊரிலேயே நின்று தேடினால் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். அண்ணன் டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றின ஒரு பழைய பைனாகுலரை எடுத்தார், ஒரு பக்கக் கண்ணாடி கீறல், இன்னொரு பக்கம் நன்றாகத் தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகை மேல்பக்கம் கீழே வருகிற மாதிரி சேற்றுத் தண்ணீரில் வைத்து, காலால் நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துக் கலக்குகிறது. கலங்கி மேலே வருகிற சின்ன எறா, பாசி எல்லாவற்றையும் அலகாலேயே சலித்து எடுக்கிறது. அந்தத் தீனியில் இருந்துதான் அந்த ரோஸ் நிறமும். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. குஞ்சு பொரிப்பது குஜராத்தில் கட்ச் பக்கம், குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன என்றார் வீட்டுக்காரர், இந்த முறை கேட்டுக்கொண்டேன். ஆயாவும் பைனாகுலரை வாங்கிப் பார்த்தது, ரொம்ப நேரம் கொடுக்கவே இல்லை. 'காலையில எண்ணூர்ல பாத்தோமே, அவங்க மாரியே கீது. குனிஞ்சி நின்னுக்கினு.'

திரும்பும்போது பொன்னேரி வழி, ரோடு நன்றாக இருக்கிறது. மீஞ்சூரில் டீ. வீடு சேர எட்டே முக்கால். முக்கால் மணி நேரம் கூடுதல் என்று கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை, காலையிலேயே அதை எடுத்துக்கொண்டுவிட்டார் என்று வீட்டுக்காரர் காதில் சொன்னார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஏசியும் ஏலமும் சேர்ந்து ஒன்றைத் தின்றுவிட்டன. ஆறு மணி என்றால் ஐந்தரை என்று அவரிடம் சொல்லுங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் தீவு வழியைக் கேட்காதீர்கள், அவரே வரமாட்டார். தண்ணீர், தொப்பி, பசங்களுக்கு மாற்று டிரஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆயா நண்டுக் குழம்பு வைத்தது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, 'அந்தப் பஞ்சர் பையனுக்குக் குடுத்துட்டு வா' என்று பெரியவனை டோல்கேட்டுக்கு அனுப்பியது. மூணு வாரம் ஆகிறது. டப்பா இன்னும் வரவில்லை, ஆயா தினமும் கேட்கிறது.